மாதிரித் தானுந்து கட்டுமானம்

மாதிரித் தானுந்து கட்டுமானம் என்பது உண்மையான தானுந்து, சரக்குந்து முதலிய ஊர்திகளின் உருவத்தைக் குறிப்பிட்ட ஒரு விகிதத்தில் சிறிதாக்கி, தனித்தனிப் பாகங்களைக் கையால் பொருத்தி உருவாக்கும் பொழுதுபோக்குக் கலை ஆகும். இதற்குரிய பாகங்கள் பெரும்பாலும் பாலிசுடைரீன் என்னும் நெகிழியால் வார்க்கப்பட்டு, செய்முறைத் தாளுடன் ஒரே பெட்டியில் விற்கப்படுகின்றன. பொதுவழக்கில் கிட் என்று அழைக்கப்படும் இப்பெட்டி, இக்கட்டுரையில் தொகுதி எனக் குறிப்பிடப்படுகின்றது.

ஆயத்த நிலையில் விற்கப்படும் உலோகப் பொம்மைத் தானுந்துகளில் இருந்து இது வேறுபட்டது. தொகுதியை வாங்குபவரே அதனை வெட்டி, ஒட்டி, வண்ணம் பூசி நிறைவு செய்கின்றார். செய்முறைத் தாளில் உள்ளவாறே கட்டுவது ஒரு வகை. பாகங்களை வெட்டியும் நீட்டியும் வேறு தொகுதிகளின் பாகங்களைச் சேர்த்தும் புதிய ஊர்தி ஒன்றை உருவாக்குவது மற்றொரு வகை. இரண்டாவது வகை மாற்றியமைத்தல் எனப்படும். இவ்விரு வகைகளும் 1950களின் இறுதியில் ஐக்கிய அமெரிக்காவில் ஒரே பெட்டிக்குள் இணைக்கப்பட்டதே இக்கலை பரவலானதற்கு முதன்மைக் காரணமாகும்.

அளவு விகிதங்கள்

மாதிரியின் நீளத்துக்கும் உண்மை ஊர்தியின் நீளத்துக்கும் உள்ள தொடர்பு அளவு விகிதம் எனப்படும். 1/24 அளவில் உண்மை ஊர்தியின் ஒவ்வோர் அடியும் மாதிரியில் அரை அங்குலம் ஆகின்றது. 4.8 மீட்டர் நீளமுள்ள ஒரு தானுந்து வெவ்வேறு அளவுகளில் பின்வருமாறு அமையும்.

* 1/8 அளவில் 60 செ.மீ.
* 1/12 அளவில் 40 செ.மீ.
* 1/24 அளவில் 20 செ.மீ.
* 1/25 அளவில் 19.2 செ.மீ.
* 1/32 அளவில் 15 செ.மீ.
* 1/43 அளவில் ஏறத்தாழ 11.2 செ.மீ.

ஐக்கிய அமெரிக்காவில் 1/25 அளவும், ஜப்பானிலும் ஐரோப்பாவிலும் 1/24 அளவும் மிகுதியாகக் காணப்படுகின்றன. இவ்விரண்டுக்கும் இடையேயான வேறுபாடு நான்கு விழுக்காடு மட்டுமே. எனினும் ஒரே தானுந்தின் நீளத்தில் இது 8 மி.மீ. வேறுபாட்டை உண்டாக்கும். எனவே ஓர் அளவின் சக்கரத்தையோ இருக்கையையோ மற்றதில் பயன்படுத்தலாம். ஆனால் ஒன்றின் மேலுடல் மற்றதன் அடிச்சட்டத்தில் பொருந்தாது.

வடிவத்தைச் சிறிதாக்குவது போலப் பொருளின் தடிமனைச் சிறிதாக்க இயலாது என்பது இக்கலையின் அடிப்படைச் சிக்கல் ஆகும். 0.1 மி.மீ. தடிமனுள்ள வண்ணப்பூச்சு 1/24 அளவு மாதிரியில் 2.4 மி.மீ. தடிமனுள்ள பூச்சுக்கு ஒப்பாகும். உண்மைத் தானுந்தின் கதவைச் சுற்றி 4 மி.மீ. இடைவெளி இருந்தால் மாதிரியில் அது 0.17 மி.மீ. ஆக இருத்தல் வேண்டும். தடித்த பூச்சு அந்த இடைவெளியை நிரப்பி, கதவே இல்லாத தோற்றத்தைத் தந்துவிடும். தூரிகையை விடக் காற்றுத் தெளிப்பானைக் கட்டுநர்கள் விரும்புவதற்கு இதுவே காரணம்.

வரலாறு

தொடக்கம்

நெகிழித் தொகுதிகளுக்கு முன்னர் மாதிரித் தானுந்துகள் மரத்தாலும் உலோகத் தகட்டாலும் செய்யப்பட்டன. ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் உடற்கட்டுப் பிரிவான ஃபிசர் பாடி, 1930 முதல் 1968 வரை ஐக்கிய அமெரிக்காவின் சிறுவர்களுக்கும் இளைஞர்களுக்கும் மாதிரிக் கட்டுமானப் போட்டியை நடத்தியது. தொடக்கத்தில் நெப்போலியன் காலக் குதிரை வண்டியின் சிற்றுருவைச் செய்வதே போட்டியாக இருந்தது. பின்னர், போட்டியாளர்கள் தாமே வடிவமைத்த தானுந்தின் மாதிரியைச் செய்யும் பிரிவு சேர்க்கப்பட்டது. வென்றவர்களுக்குக் கல்வி உதவித்தொகை வழங்கப்பட்டது. 1947ஆம் ஆண்டு வென்ற சக் யோர்டான், 1986இல் அதே ஜெனரல் மோட்டார்சு நிறுவனத்தின் வடிவமைப்புத் தலைவரானார்.

விற்பனை மாதிரிகள்

நெகிழித் தொகுதிகளின் தோற்றம் பொம்மைக் கடையில் இருந்து அன்றி, ஊர்தி விற்பனையில் இருந்து தொடங்குகின்றது. பிரித்தானியாவின் ஏர்ஃபிக்சு நிறுவனம் 1949இல் ஃபெர்குசன் உழவு இயந்திரத்தின் மாதிரி ஒன்றை, அவ்வியந்திரத்தின் விற்பனையாளர்கள் பயன்படுத்துவதற்காகச் செய்தது. பின்னர் அதுவே தொகுதியாகப் பொதுமக்களுக்கும் விற்கப்பட்டது.

ஐக்கிய அமெரிக்காவிலும் இதே போக்கு காணப்பட்டது. 1948இல் மிச்சிகன் மாநிலத்தில் தொடங்கப்பட்ட ஏ.எம்.டி. நிறுவனம், முதலில் அலுமினியத்திலும் பின்னர் நெகிழியிலும் புதிய தானுந்துகளின் மாதிரிகளைச் செய்து விற்பனை நிலையங்களுக்கு வழங்கியது. யோ-ஆன் நிறுவனமும் இத்தொழிலில் ஈடுபட்டது. வாடிக்கையாளர் உண்மைத் தானுந்தின் நிறத்தைத் தேர்ந்தெடுக்கவும், அவருடைய குழந்தைக்குப் பரிசளிக்கவும் இம்மாதிரிகள் பயன்பட்டன. தொடக்கக் கால மாதிரிகள் செல்லுலோசு அசிட்டேட்டு என்னும் நெகிழியால் ஆனவை. இந்நெகிழி ஆண்டுகள் செல்லச் செல்லச் சுருங்கி வளையும் தன்மையுடையது. இதனால் வளையாத 1950களின் மாதிரிகள் இன்று அரியவையாக உள்ளன. வளையாத பாலிசுடைரீன் 1960களின் தொடக்கத்தில் அதன் இடத்தைப் பிடித்தது.

மூன்று வழித் தொகுதிகள்

விற்பனை மாதிரிகளைச் செய்த அதே வார்ப்பச்சுகளைக் கொண்டு, ஏ.எம்.டி. நிறுவனம் 1958இல் 1/25 அளவுத் தொகுதிகளை வெளியிட்டது. ஒவ்வொரு பெட்டியிலும் மூன்று வகைக் கட்டுமானத்துக்கான பாகங்கள் இருந்தன. தொழிற்சாலையில் இருந்து வெளிவந்த இயல்பான தோற்றம், அழகுக்காக மாற்றியமைக்கப்பட்ட தோற்றம், பந்தயத் தோற்றம் ஆகியவையே அம்மூன்று. ஒரு தொகுதியைக் கட்டி முடித்த பின்னர் பல பாகங்கள் மிஞ்சும். அப்பாகங்கள் அடுத்த தொகுதிக்கு உதவின. இவ்வாறு, செய்முறைத் தாளைப் பின்பற்றுவதுடன் நில்லாமல், எவ்வாறு கட்டுவது என்று முடிவெடுக்கும் பொறுப்பும் கட்டுநரிடம் ஒப்படைக்கப்பட்டது.

1963இல் தொடங்கப்பட்ட எம்.பி.சி. நிறுவனமும் இம்முறையைப் பின்பற்றியது. கலிபோர்னியாவின் ரெவெல், சிகாகோவின் மோனோகிராம் ஆகிய நிறுவனங்களும் இக்காலத்தில் முதன்மை பெற்றன. 1950களின் தொடக்கத்தில் பழங்காலத் தானுந்துகளின் 1/32 அளவுத் தொகுதிகளை விற்ற ரெவெல், 1960களில் எட் ரோத் என்னும் புகழ்பெற்ற தானுந்து மாற்றியமைப்பாளரின் படைப்புகளைத் தொகுதிகளாக்கியது.

மாதிரியைப் பார்த்து உண்மை ஊர்தி செய்யப்பட்ட நிகழ்வும் உண்டு. மோனோகிராம் நிறுவனத்துக்காக டாம் டேனியல் வடிவமைத்த ரெட் பேரன் என்னும் தொகுதி 1968இல் வெளிவந்தது. முதலாம் உலகப் போர்க் காலத்துச் செருமானியப் படைவீரரின் தலைக்கவசத்தைக் கூரையாகக் கொண்ட இவ்வூர்தி, அப்போது நெகிழியில் மட்டுமே இருந்தது. அதன் வரவேற்பைக் கண்ட பின்னர், டெட்ராயிட்டைச் சேர்ந்த சக் மில்லர் அதே வடிவில் ஓடக்கூடிய முழு அளவுத் தானுந்து ஒன்றைக் கட்டினார்.

ஜப்பானும் ஐரோப்பாவும்

ஜப்பானின் சிசுவோக்கா நகரைச் சேர்ந்த தமியா நிறுவனம் 1967இல் ஓண்டா ஆர்.ஏ.273 பந்தயத் தானுந்தின் 1/12 அளவுத் தொகுதியை வெளியிட்டது. 1976இல் வெளிவந்த போர்ச்சே 934 மாதிரியை வடிவமைக்கும் பொருட்டு, அந்நிறுவனம் உண்மையான போர்ச்சே 911 ஒன்றை வாங்கி, அதனை முழுவதும் பிரித்து ஆராய்ந்தது. பாகங்கள் பிசிறின்றிப் பொருந்துவது ஜப்பானியத் தொகுதிகளின் சிறப்பாகக் கருதப்படுகின்றது.

இத்தாலியின் போகெர் நிறுவனம் 1/8 அளவில் பெரிய தொகுதிகளைச் செய்தது. அவற்றுள் ரோல்சு-ராய்சு ஃபாண்டம் 2 தொகுதி 2000க்கும் மேற்பட்ட பாகங்களைக் கொண்டது.

தொகுதியின் அமைப்பு

தொகுதியின் பாகங்கள் உட்செலுத்து வார்ப்பு முறையில் செய்யப்படுகின்றன. உருகிய நெகிழி, இரு பகுதிகளாகப் பிரியும் எஃகு வார்ப்பச்சினுள் அழுத்தத்துடன் செலுத்தப்படுகின்றது. பாகங்கள் மெல்லிய கிளைச்சட்டம் ஒன்றில் காய்கள் போல இணைந்தவாறு வெளிவருகின்றன. ஒரு தொகுதியில் பொதுவாக மேலுடல், அடிச்சட்டம், இயந்திரம், உள்ளறை, கண்ணாடிகள், சக்கரங்கள், நீரில் நனைத்து ஒட்டும் படங்கள் ஆகியவை இருக்கும். முட்டுத்தாங்கி, விளக்கு வளையம் போன்ற பளபளப்பான பாகங்களின் மேல் வெற்றிடத்தில் அலுமினியப் படலம் படிய வைக்கப்படுகின்றது. இயந்திரம் இல்லாத எளிய தொகுதிகளும் உண்டு.

கட்டும் முறை

கட்டுமானம் பெரும்பாலும் பின்வரும் வரிசையில் நிகழ்கின்றது.

* கழுவுதல்: வார்ப்பச்சில் இருந்து பாகங்கள் எளிதில் பிரிவதற்காகப் பயன்படுத்தப்பட்ட எண்ணெய்ப் பசை நீங்குமாறு பாகங்கள் சவர்க்கார நீரில் கழுவப்படுகின்றன. இல்லையெனில் வண்ணம் ஒட்டாது.
* பிரித்தல்: பாகங்கள் வெட்டுக்குறட்டால் பிரிக்கப்பட்டு, வார்ப்புக் கோடுகள் அரத்தாலும் உப்புத்தாளாலும் தேய்த்து நீக்கப்படுகின்றன.
* ஒத்துப்பார்த்தல்: பசையின்றிப் பாகங்களைப் பொருத்திப் பார்த்துப் பிழைகள் திருத்தப்படுகின்றன.
* பூச்சு: முதற்பூச்சு, வண்ணம், ஒளிர்பூச்சு என்ற வரிசையில் மெல்லிய படலங்களாகப் பூசப்படுகின்றது.
* இணைத்தல்: இயந்திரம், அடிச்சட்டம், உள்ளறை, மேலுடல் ஆகியவை தனித்தனியே முடிக்கப்பட்டு இறுதியில் ஒன்றாக்கப்படுகின்றன.

பாலிசுடைரீனுக்குரிய பசை உண்மையில் ஒரு கரைப்பான் ஆகும். அது இரு பரப்புகளையும் சற்றே கரைத்து, உலரும்போது அவற்றை ஒரே பொருளாக்குகின்றது. பளபளப்புப் படலத்தின் மீதும், வண்ணத்தின் மீதும், உலோகத்தின் மீதும் இது செயல்படாது. எனவே ஒட்டும் இடங்களில் படலத்தைச் சுரண்டி நீக்குதல் வேண்டும். உலோகம், பிசின் ஆகியவற்றுக்குச் சயனோஅக்ரிலேட்டு வகை உடனடிப் பசையோ எப்பாக்சிப் பசையோ தேவை. உடனடிப் பசையின் ஆவி கண்ணாடிப் பாகங்களை வெண்மையாக மங்கச் செய்யும் என்பதால், அங்கு உலர்ந்தபின் நிறமற்றதாகும் வெண்பசை பயன்படுத்தப்படுகின்றது.

வண்ணங்களிலும் வரிசை உண்டு. உலர்ந்த அரக்குச் சாயத்தின் மேல் எனாமல் பூசலாம். எனாமலின் மேல் அரக்குச் சாயம் பூசினால், அதன் வலிய கரைப்பான் அடியில் உள்ள பூச்சைச் சுருங்கச் செய்துவிடும்.

பழைய மாதிரிகளில் மெதுவாக நிகழும் கேடு ஒன்றும் உண்டு. மென்மையான வினைல் சக்கர உறையில் உள்ள நெகிழ்வூட்டி வேதிப்பொருள் நாளடைவில் கசிந்து, தன்னைத் தொடும் பாலிசுடைரீனை இளக்குகின்றது. பிரிக்கப்படாத பெட்டிக்குள் சக்கர உறை கண்ணாடிப் பாகத்தின் மேல் கிடந்தால், பல ஆண்டுகளுக்குப் பின்னர் அக்கண்ணாடியில் வட்ட வடிவத் தழும்பு காணப்படும். இதனால் சேகரிப்போர் சக்கர உறைகளைத் தனி உறையில் இட்டு வைக்கின்றனர்.

மாற்றியமைத்தல்

முழு அளவுத் தானுந்துகளில் செய்யப்படும் மாற்றங்கள் பலவும் மாதிரிகளிலும் செய்யப்படுகின்றன.

கூரையைத் தாழ்த்துதல் இவற்றுள் புகழ்பெற்றது. சாளரத் தூண்களின் நடுவே ஒரு பட்டையை வெட்டி நீக்கி, கூரை மீண்டும் இணைக்கப்படுகின்றது. உண்மைத் தானுந்தில் 75 மி.மீ. தாழ்த்துவது 1/25 அளவில் 3 மி.மீ. மட்டுமே. தூண்கள் செங்குத்தாக உள்ள 1932 ஃபோர்டு போன்ற பழைய தானுந்துகளில் இது எளிது. தூண்கள் சாய்ந்துள்ள பிற்காலத் தானுந்துகளில், கூரை கீழிறங்கும்போது மேற்தூணும் கீழ்த்தூணும் ஒன்றின் மேல் ஒன்று அமையாது. அப்போது கூரையைக் குறுக்கே வெட்டி நீளமாக்க வேண்டும். அல்லது தூண்களின் சாய்வை மாற்ற வேண்டும்.

மேலுடலின் இடைப்பகுதியில் கிடையாக ஒரு பட்டையை நீக்கி அதனை மெலிதாக்குதல், மேலுடலை அடிச்சட்டத்தின் மேல் இன்னும் கீழே இறக்குதல், வேறு தொகுதியின் இயந்திரத்தைப் பொருத்துதல், மூடியவாறு வார்க்கப்பட்ட கதவுகளை வெட்டித் திறக்கச் செய்தல் ஆகியவை பிற மாற்றங்கள். கதவை வெட்டுவதற்குக் கத்தியின் பின்புறத்தால் கோட்டைப் பலமுறை கீறி, சிறிது சிறிதாக ஆழப்படுத்துவர். வெட்டிய இணைப்புகள் பட்டி பூசித் தேய்த்துச் சமப்படுத்தப்படுகின்றன.

இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தொகுதிகளின் பாகங்களைச் சேர்த்து ஒரே ஊர்தியாக்குவது கலப்புக் கட்டுமானம் ஆகும். பாகங்களைத் தகடு, குழாய், கம்பி ஆகியவற்றில் இருந்து கட்டுநரே செய்து கொள்வதும் உண்டு. அரித்தெடுத்த பித்தளைத் தகட்டுப் பாகங்கள், சிலிக்கோன் அச்சில் வார்த்த பிசின் பாகங்கள் ஆகியவற்றைச் சிறு நிறுவனங்கள் விற்கின்றன. அண்மைக் காலத்தில் முப்பரிமாண அச்சுப்பொறியால் கட்டுநர்களே பாகங்களை உருவாக்குகின்றனர்.

சரக்குந்து மாதிரிகள்

சரக்குந்துத் தொகுதிகள் தானுந்துத் தொகுதிகளைவிடப் பெரியவை, பாகங்களும் மிகுதி. ஐக்கிய அமெரிக்காவில் ஏ.எம்.டி. நிறுவனத்தின் பீட்டர்பில்ட் 359, கென்வொர்த்து டபிள்யூ-925 ஆகிய 1/25 அளவுத் தொகுதிகள் புகழ்பெற்றவை. 1974 முதல் 1976 வரை ஒளிபரப்பான மூவிங் ஆன் என்னும் சரக்குந்து ஓட்டுநர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரின் கென்வொர்த்தும் தொகுதியாக வெளிவந்தது. ஐரோப்பியச் சரக்குந்துகளை இத்தாலியின் இத்தலேரி நிறுவனம் 1/24 அளவில் செய்து வருகின்றது.

இத்தொகுதிகள் போக்குவரத்து வரலாற்றின் பதிவாகவும் விளங்குகின்றன. முன்னர் அமெரிக்க மாநிலங்கள் பல, சரக்குந்தும் இழுவையும் சேர்ந்த மொத்த நீளத்துக்கு வரம்பு விதித்திருந்தன. இதனால் இயந்திரத்தின் மேலேயே ஓட்டுநர் அறை அமைந்த குட்டையான சரக்குந்துகள் அங்கு மிகுதியாக ஓடின. 1982ஆம் ஆண்டின் கூட்டாட்சிச் சட்டம், முதன்மை நெடுஞ்சாலைகளில் மொத்த நீளத்துக்கு வரம்பு விதிப்பதைத் தடுத்தது. அதன் பின்னர் நீண்ட முகப்புடைய சரக்குந்துகள் பெருகி, குட்டையானவை சாலைகளில் இருந்து மறைந்தன. 1970களின் தொகுதிகளில் அவற்றின் வடிவத்தை இன்றும் காணலாம்.

சரக்குந்தை மாற்றியமைப்பதில் அடிச்சட்டத்தை நீட்டுவது முதன்மையானது. இரு நெடுவிட்டங்களையும் நேராக வெட்டி ஒட்டினால் இணைப்பு எளிதில் முறியும். எனவே படி போன்ற வடிவில் வெட்டி, இணைப்பின் உட்புறத்தில் நெகிழித் தகட்டை வைத்து வலுவூட்டுவர். படுக்கை அறை சேர்த்தல், தடைக் காற்றுக் குழாய்களைக் கம்பியால் அமைத்தல், துருவும் புழுதியும் படிந்த தோற்றத்தை வண்ணத்தால் உண்டாக்குதல் ஆகியவையும் வழக்கமானவை.

ஜப்பானில் வண்ண விளக்குகளும் ஓவியங்களும் பளபளப்பான உலோகத் தகடுகளும் கொண்டு ஒப்பனை செய்யப்பட்ட சரக்குந்துகள் தெக்கோதோரா எனப்படுகின்றன. 1975 முதல் 1979 வரை வெளிவந்த தொரக்கு யாரோ என்னும் பத்துத் திரைப்படங்கள் இவற்றைப் புகழடையச் செய்தன. அவோசிமா நிறுவனம் இவற்றை 1/32 அளவுத் தொகுதிகளாக வெளியிட்டுள்ளது.

வார்ப்பச்சுகளின் இழப்பு

இக்கலையின் வரலாற்றைக் காப்பதில் பெரும் சிக்கலாக இருப்பது வார்ப்பச்சு ஆகும். எஃகில் செதுக்கப்படும் வார்ப்பச்சு ஒரு தொகுதியின் செலவில் பெரும்பகுதியை விழுங்குகின்றது. 1960களில் அமெரிக்கத் தானுந்துகளின் தோற்றம் ஆண்டுதோறும் மாறியது. தொகுதி நிறுவனங்கள் ஒவ்வோர் ஆண்டும் புதிய வார்ப்பச்சு செய்யாமல், சென்ற ஆண்டின் வார்ப்பச்சையே திருத்திப் புதிய முகப்பையும் விளக்குகளையும் அமைத்தன. திருத்திய பின்னர் முந்தைய ஆண்டின் தானுந்தை அதிலிருந்து மீண்டும் வார்க்க இயலாது.

இதனால் அவ்வாண்டுத் தொகுதிகள் பலவற்றில், அன்று விற்கப்பட்டவை மட்டுமே எஞ்சியுள்ளன. அவற்றைச் சிறுவர்கள் கட்டினர், விளையாடி உடைத்தனர். கட்டப்படாத பெட்டிகள் இன்று உயர்ந்த விலைக்கு விற்கப்படுகின்றன. அத்தகைய பெட்டியைத் திறந்து கட்டுவதா, அப்படியே காப்பதா என்பது இக்கலையில் ஈடுபட்டோரிடையே தொடரும் விவாதமாகும். கட்டினால் அரிய பொருள் ஒன்று குறைகின்றது. கட்டாவிடில், கட்டுவதற்கென்றே செய்யப்பட்ட ஒன்று தன் நோக்கத்தை அடைவதில்லை.

இதற்கு மூன்று வகைத் தீர்வுகள் நடைமுறையில் உள்ளன. உடைந்த பழைய மாதிரிகளைப் பிரித்து, வண்ணம் நீக்கிப் புதுப்பிப்பது ஒன்று. ஒரு நல்ல மேலுடலில் இருந்து சிலிக்கோன் அச்செடுத்துப் பிசினில் படியெடுப்பது மற்றொன்று. இன்று ஏ.எம்.டி., எம்.பி.சி. ஆகிய பெயர்களில் தொகுதிகளை வெளியிடும் ரவுண்டு 2 நிறுவனம், இழந்த தொகுதிகள் சிலவற்றுக்குப் புதிய வார்ப்பச்சுகளைச் செய்துள்ளமை மூன்றாவதாகும்.

அமைப்புகளும் கண்காட்சிகளும்

பன்னாட்டு நெகிழி மாதிரிக் கட்டுநர் சங்கம் 1963இல் பிரித்தானியாவில் தொடங்கப்பட்டது. பல நாடுகளில் அதன் கிளைகள் உள்ளன. இங்கிலாந்தின் டெல்ஃபோர்டு நகரில் அதன் ஆண்டுக் கண்காட்சி நடைபெறுகின்றது. ஜப்பானின் சிசுவோக்கா நகரிலும் ஆண்டுதோறும் கண்காட்சி நடைபெறுகின்றது. போட்டிகளில், செய்முறைத் தாளின்படி மட்டும் கட்டியவையும் மாற்றியமைக்கப்பட்டவையும் பொதுவாக வெவ்வேறு பிரிவுகளில் மதிப்பிடப்படுகின்றன. பாகங்களின் நேரமைவு, இணைப்புகளின் தூய்மை, பூச்சின் சீர்மை ஆகியவை மதிப்பீட்டில் முதன்மை பெறுகின்றன.

பாதுகாப்பு

பசை, வண்ணம் ஆகியவற்றின் கரைப்பான்கள் தீப்பற்றக்கூடியவை. அவற்றின் ஆவி உடலுக்குத் தீங்கானது. காற்றோட்டமுள்ள இடத்தில், நெருப்பில் இருந்து விலகிப் பணியாற்றுதல் வேண்டும். வண்ணம் தெளிக்கும்போது கரைப்பான் ஆவியை வடிகட்டும் முகமூடி தேவை. சாதாரணத் துணி முகமூடி பயன் தராது. பிசின் பாகங்களைத் தேய்க்கும்போது எழும் நுண்தூசியை உள்ளிழுக்கக் கூடாது. நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்த்தால் தூசி எழாது. ஒளியால் இறுகும் அச்சுப்பொறிப் பிசின் இறுகாத நிலையில் தோலில் ஒவ்வாமையை உண்டாக்கும் என்பதால் கையுறை அணிதல் வேண்டும். மழுங்கிய கத்திக்கு மிகுதியான அழுத்தம் தேவைப்படுவதால் அது வழுக்கிக் காயம் உண்டாக்க வாய்ப்புண்டு. எனவே கத்தியின் அலகை அடிக்கடி மாற்றுதல் நன்று.

இன்றைய நிலை

1960களில் அமெரிக்கச் சிறுவர்களிடையே பரவலாக இருந்த இக்கலை, பின்னர் பிற பொழுதுபோக்குகளின் வரவாலும் தொகுதிகளின் விலையேற்றத்தாலும் அங்கு சுருங்கியது. ரெவெலும் மோனோகிராமும் 1986இல் ஒன்றாயின. ரெவெலின் உரிமையாளரான ஒபிகோ நிறுவனம் 2018இல் நொடித்துப் போனது. அதே ஆண்டில் ரெவெலை ஜெர்மனியைச் சேர்ந்த முதலீட்டு நிறுவனம் ஒன்று வாங்கியது. பழைய வார்ப்பச்சுகளில் இருந்து மறுவெளியீடுகளும், புதிய ஊர்திகளின் தொகுதிகளும் தொடர்ந்து வெளிவருகின்றன.

புதிதாகத் தொடங்குவோருக்கு, இயந்திரம் இல்லாத, பாகங்கள் குறைந்த 1/24 அளவுத் தானுந்துத் தொகுதி ஏற்றதாகக் கருதப்படுகின்றது. முதல் தொகுதியைச் செய்முறைத் தாளின்படி முழுமையாகக் கட்டி முடித்த பின்னர், அதில் மிஞ்சும் பாகங்களைக் கொண்டு மாற்றியமைத்தலைத் தொடங்கலாம்.